சிங்களத்தில் 'வேண்டாம்' சொல்ல

ஹட்டன் பஸ் நிலையத்திலும் டிக்கோயா ஆஸ்பத்திரியிலும் காதில் விழும் சிங்களத்தில் முதலில் பிடிபட வேண்டியது 'எப்பா'. 'யன்ன' என்றால் போங்கள்; 'யன்ன எப்பா' என்றால் போக வேண்டாம். கரன்ன எப்பா (செய்ய வேண்டாம்), அல்லன்ன எப்பா (தொட வேண்டாம்), பஹின்ன எப்பா (இறங்க வேண்டாம்) எல்லாம் இதே அமைப்புதான். ஸ்பானிய மொழியில் 'பேசு' என்பது 'ஆப்லா'. 'பேசாதே' என்றால் 'நோ ஆப்லெஸ்' என வினையே உருமாறும். சிங்களத்தில் அந்தத் தொல்லை இல்லை.

மருந்து வாங்கும்போது மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். 'கேமட்ட கலின் பொன்ன' என்றால் சாப்பாட்டுக்கு முன் குடியுங்கள். கடைசியில் 'எப்பா' சேர்ந்தால் அர்த்தம் நேர்மாறு. தமிழைப் போலவே மறுப்பு இறுதியில்தான் வரும். வாக்கியம் முடியும்வரை கேளுங்கள். சந்தேகம் இருந்தால், 'பொன்னத, எப்பாத?' என்று திருப்பிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். 1987 முதல் தமிழும் அரசகரும மொழி. தமிழில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை.

நர்ஸ் 'பய வென்ன எப்பா' என்றால், பயப்பட வேண்டாம் என்கிறார்.

அறிவிப்புப் பலகையில் எழுத்து நடை வேறு: அங்கே 'நொ' முன்னால் வரும். 'மல் நொகடன்ன' என்றால் பூப் பறிக்க வேண்டாம். 'தஹனம்' என்று கண்டால் தடை.

விருந்துக்குப் போன வீட்டில் 'மட்ட எப்பா' (எனக்கு வேண்டாம்) என்பது வெடுக்கென்று கேட்கும். 'எத்தி' (போதும்) என்று சிரித்தபடி சொல்லுங்கள்.