எந்த பிராட்பேண்ட் நல்லது? முதல்ல உங்க தெரு கம்பத்தைப் பாருங்க

செமஸ்டர் லீவு நெருங்கினாலே நம்ம வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு கேள்வி கண்டிப்பா வரும்: "வீட்டுக்கு நெட் போடணும், எந்த கம்பெனி நல்லா இருக்கும்?" உடனே பத்துப் பேர் பத்து பேரைச் சொல்வாங்க. ஆனா திருச்சி தில்லைநகர்ல இருக்கறவர் சொல்ற பதில் கறம்பக்குடியில இருக்கறவருக்கு உதவாது. பிராட்பேண்ட் விஷயத்துல கம்பெனி பேரை விட, அது உங்க தெருவுக்கு எந்த வழியா வருது, அறுந்தா யார் வந்து ஒட்டுவாங்க என்பதுதான் முக்கியம். பிளேஸ்மென்ட் ஆன்லைன் டெஸ்ட்டுல பாதியில நெட் போனா, கம்பெனி பெயரைச் சொல்லி ஹெச்.ஆர்.கிட்ட மன்னிப்பு வாங்க முடியாது பாருங்க.

முதலில் ஒரு கணக்கு. விளம்பரத்துல வர்ற '40 எம்பிபிஎஸ்' டாக்டர் படிப்பு இல்லை, நொடிக்கு 40 மெகாபிட். 8 பிட் சேர்ந்தா ஒரு பைட். ஆக, டவுன்லோடு ஆகும்போது நொடிக்கு 5 எம்.பி.தான் காட்டும். "ஏமாத்திட்டாங்க"ன்னு சண்டைக்குப் போயிடாதீங்க. ஒரு வீடியோ கிளாஸுக்கு 2 முதல் 4 மெகாபிட் போதும். நாலு பேர் இருக்கற வீட்டுக்கு 30, 40 தாராளம். 300 மெகாபிட் திட்டம் எடுக்கறது, மொபெட் ஓட்டற சந்துக்கு வால்வோ பஸ் வாங்கற மாதிரி.

அப்படின்னா 40 போட்டும் ராத்திரி ஒன்பது மணிக்கு யூடியூப் ஏன் சுத்துது? வீட்டுக்கு ஃபைபர் வர்ற முறைக்கு ஜிபான்னு பேர். ஆபரேட்டர் இடத்துல ஓ.எல்.டி.ன்னு ஒரு பெட்டி இருக்கும். அதுல ஒரு போர்ட்டுல இருந்து கிளம்பற ஒரே இழை, வழியில ஸ்ப்ளிட்டர் மூலமா 32 அல்லது 64 வீட்டுக்குப் பிரியும். அந்த இழையோட மொத்த வேகம் நொடிக்குச் சுமார் 2.5 ஜிகாபிட். 64 வீடும் ஒரே நேரத்துல இழுத்தாக்கூட வீட்டுக்கு 39 மெகாபிட் வருது. அதனால கோளாறு பெரும்பாலும் இந்த இழையில இல்லை. ஓ.எல்.டி.க்குப் பின்னாடி, ஊரை விட்டு வெளியே போற லைன்லதான் இருக்கு. எட்டு போர்ட் இருக்கற ஒரு பெட்டியில 512 வீடு கொடுத்துட்டு, பின்னாடி 1 ஜிகாபிட் மட்டும் வாங்கி வெச்சிருந்தா? எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்தா வீட்டுக்கு 2 மெகாபிட்தான். நம்ம நாட்டுல 2023-ல திருத்தின விளக்கப்படி பிராட்பேண்டுன்னு சொல்லிக்கவே குறைஞ்சபட்சம் 2 மெகாபிட் வேணும். நூலிழையில பாஸ்!

இதை எந்த விளம்பரமும் சொல்லாது. பக்கத்து வீட்டுல அதே கனெக்‌ஷன் இருந்தா, ராத்திரி ஒன்பது மணிக்குப் போய் ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாருங்க. காலை பதினோரு மணி டெஸ்ட்டை நம்பாதீங்க. டெஸ்ட் ஆப்புல தானா வர்ற சர்வர் பல நேரம் அந்த கம்பெனியோடதாவே இருக்கும். சென்னையில வேற ஒரு சர்வரை மாத்தி வெச்சுப் பாருங்க. அப்லோடு எவ்வளவுன்னும் பாருங்க, ஏன்னா வைவாவுல உங்க முகம் போறது அது வழியாத்தான்.

இப்ப கம்பத்துக்கு வருவோம். புதுக்கோட்டை டவுன்ல இருந்தா நாலைஞ்சு பேரை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கிராமத்துல பெரும்பாலும் பி.எஸ்.என்.எல். ஃபைபர், அதுவும் உள்ளூர் கேபிள்காரர் மாதிரி ஒரு பங்குதாரர் மூலமா வரும். பில் பி.எஸ்.என்.எல். பேர்ல இருக்கும், ஏணியைத் தூக்கிட்டு வர்றது அவர்தான். அதனால திட்டத்தை விட அவரைப் பத்தி விசாரிங்க: போன் எடுப்பாரா, ஃபைபர் ஒட்டற ஸ்ப்ளைசிங் மெஷின் சொந்தமா வெச்சிருக்காரா, இல்ல புதுக்கோட்டையில இருந்து ஆள் வரணுமா? மெஷின் இருந்தா அறுந்த லைன் அன்னைக்கே சரியாகும். இல்லேன்னா ஆள் வர்ற வரைக்கும் காத்திருக்கணும்.

2018 நவம்பர் 16 கஜா புயலை நம்ம மாவட்டத்துல யாரும் மறந்திருக்க மாட்டாங்க. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னையோட மின்கம்பங்களும் சாய்ஞ்சு, பல கிராமங்கள் வாரக்கணக்குல கரண்ட் இல்லாம கிடந்தது. கம்பத்துல கட்டின கேபிள், கம்பத்தோட விழும். பூமிக்கு அடியில போற கேபிளுக்குப் புயல் பயம் இல்லை, ஜே.சி.பி. பயம் உண்டு. ரோடு வேலை நடக்கற ஊர்னா அதையும் யோசிங்க. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஃபைபரால இணைக்கறதுக்காக டான்ஃபிநெட் போட்ட லைனும் பெரும்பகுதி கம்பம் வழியாத்தான் போகுது. உங்க ஊராட்சியில அது வீடு வரைக்கும் கிடைக்குதான்னு ஊராட்சி அலுவலகத்துல கேட்டுப் பாருங்க.

கரண்ட் கட் பத்தி ஒரு நல்ல செய்தி. ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. ரெண்டு முனையில மட்டும் கரண்ட் இருந்தா போதும். உங்க முனைக்கு 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒண்ணு ஆயிரம், ரெண்டாயிரத்துக்குள்ள கிடைக்கும். வாங்கறதுக்கு முன்னாடி மோடம் அடாப்டர்ல எத்தனை ஆம்பியர்னு படிச்சுக்கங்க. ஆனா ஆபரேட்டர் முனையில பேட்டரி இல்லேன்னா உங்க யு.பி.எஸ். வெறும் லைட்டை எரிய விட்டுட்டு இருக்கும். "உங்க ஓ.எல்.டி.க்கு எத்தனை மணி நேரம் பேக்கப் இருக்கு?"ன்னு கேளுங்க. கேட்டதும் அவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

ஃபைபரே வராத ஊர்னா 2023-ல ஜியோவும் ஏர்டெல்லும் கொண்டு வந்த ஏர்ஃபைபர் இருக்கு. பேர்லதான் ஃபைபர், வீட்டுக்கு வர்றது டவர் சிக்னல். 5ஜி போன் ஒண்ணை மொட்டை மாடிக்கு எடுத்துட்டுப் போய் ராத்திரி வேகம் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. ஆன்லைன் கேம்ஸ் ஆடறவங்களுக்கு பிங் ஏறி இறங்கும்.

காசு விஷயம். 399 ரூபாய் திட்டம்னா 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 471 ஆகும். ரூட்டர் யாருக்குச் சொந்தம், இன்ஸ்டாலேஷன் காசு திரும்ப வருமான்னு எழுத்துல வாங்கிக்கங்க. ஆறு மாசம் மொத்தமா கட்டினா தள்ளுபடின்னு ஆசை காட்டுவாங்க. ஒரு மழைக்காலம் பார்க்காம கட்டாதீங்க. 'அன்லிமிடெட்'ல 3300 ஜி.பி. வரம்பு இருக்குன்னா கவலையே வேண்டாம். ஹெச்.டி. படம் மணிக்கு 3 ஜி.பி. எடுத்தா 1100 மணி நேரம் பார்க்கலாம், மாசத்துக்கே 720 மணி நேரம்தான். வீட்டுல சர்வர் வெச்சு ப்ராஜெக்ட் பண்ற ஐ.ஓ.டி. ஆளுங்க மட்டும் பப்ளிக் ஐ.பி. கிடைக்குமான்னு கேட்டுக்கங்க. இல்லேன்னா வெளியில இருந்து உங்க போர்டுக்கு நேரடியா நுழைய முடியாது.

போட்ட பிறகு மோடத்துல 'லாஸ்' லைட் சிவப்பா மினுக்குச்சுன்னா, வெளிச்சம் வந்து சேரலைன்னு அர்த்தம். பீரோவுக்குப் பின்னாடி கேபிள் மடங்கி நசுங்கியிருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லேன்னா கம்பெனியில புகார் பதிஞ்சு டாக்கெட் நம்பர் வாங்குங்க. ஆபரேட்டருக்குப் போன் பண்றது மட்டும் புகார் ஆகாது. பதில் வரலைன்னா அதே கம்பெனியில மேல்முறையீட்டு அதிகாரி இருப்பார். அதுக்கும் மேல, நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம்னு 2022-ல உச்ச நீதிமன்றம் ஒரு டெலிகாம் வழக்குல தெளிவா சொல்லிடுச்சு. புதுக்கோட்டையிலேயே மாவட்ட ஆணையம் இருக்கு. 5 லட்சம் ரூபாய் வரைக்குமான வழக்குக்கு மனுக் கட்டணம் கிடையாது.