சிறுதேர் செய்வோம்

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரித்துப் பாடுவது அது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. பெண்பாற் பிள்ளைத்தமிழில் அவ்விடத்தில் அம்மானை, நீராடல், ஊசல் ஆகியவை வருகின்றன. பெரியவர்களின் தேரைச் சிறிதாக்கிக் குழந்தையின் கையில் கொடுத்து மகிழ்வது நம் முன்னோர் வழக்கம். ஆனால் அந்தத் தேர் ஆண் குழந்தைக்கே உரியதாக இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க மக்களின் தேர் மோட்டார் கார். அங்கும் அதைச் சிறிதாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். முழு வண்டியாக மட்டுமன்றி, தனித்தனி உறுப்புகளாகப் பெட்டியில் அடைத்து, "நீயே செய்துகொள்" என்றும் கொடுத்தார்கள். இந்தப் பிளாஸ்டிக் மாதிரி வண்டிகளின் வரலாற்றையும், செய்முறையையும், அவை நமக்குக் கற்பிப்பனவற்றையும் காண்போம்.

விளம்பரமாகப் பிறந்த விளையாட்டு

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மோட்டார்த் தொழில் பெருகியது. 1947-இல் ஜான் ஹேன்லி என்பவர் டெட்ராய்ட் நகரில் ஜோ-ஹான் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1948-இல் அதே மாநிலத்தின் டிராய் நகரில் ஏ.எம்.டி. தோன்றியது. அப்பெயரின் முதல் எழுத்து அலுமினியத்தைக் குறிக்கும். ஆயினும் விரைவிலேயே அலுமினியத்தின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்துக்கொண்டது.

இவர்கள் முதலில் செய்தவை கார் விற்பனை நிலையங்களுக்கான விளம்பர மாதிரிகள். அவ்வாண்டின் புதிய காரை அப்படியே சிறிதாக்கி, அதே வண்ணங்களில் செய்து கொடுப்பர். காரைப் பார்க்க வரும் பெற்றோருடன் வந்த பிள்ளைக்கு அது பரிசாகும். 1958-இல் ஏ.எம்.டி. நிறுவனம் இம்மாதிரிகளைப் பூட்டாமல், உறுப்புகளாகவே பெட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியது. ஒரே பெட்டியைக் கொண்டு கடையில் விற்கும் காராகவோ, அலங்காரக் காராகவோ, பந்தயக் காராகவோ செய்யலாம்.

இவ்வண்டிகள் பெரும்பாலும் 1/25 அளவில் அமைந்தவை. அதாவது உண்மை வண்டியின் 25 சென்டிமீட்டர் மாதிரியில் 1 சென்டிமீட்டர் ஆகும். 5 மீட்டர் நீளமுள்ள கார் 20 சென்டிமீட்டராகி நம் மேசையில் நிற்கும். மோனோகிராம் நிறுவனம் 1/24 அளவைப் பெரிதும் கையாண்டது. கலிபோர்னியாவின் ரெவெல் நிறுவனம் 1950-களின் தொடக்கத்தில் பழங்காலக் கார்களை 1/32 அளவில் வெளியிட்டது. கணக்குப் பாடத்தில் விகிதம் கசக்கிறது என்போர் இந்த மூன்று அளவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். விகிதம் தானே விளங்கும்.

1970-களில் லாரிகளும் பெட்டிக்குள் வந்தன. பீட்டர்பில்ட், கென்வொர்த் ஆகிய நெடுந்தூர லாரிகளை ஏ.எம்.டி. வெளியிட்டது. பண்ணை டிராக்டர் பொம்மைகளால் பெயர் பெற்ற அயோவா மாநிலத்து எர்ட்டில் நிறுவனம் இன்டர்நேஷனல் லாரிகளைத் தந்தது. கார் மாதிரியைவிட லாரி மாதிரி கடினமானது. ஆனால் கற்பிப்பதும் அதிகம். இரண்டு நீண்ட சட்டங்களும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்து ஏணிபோல் அடித்தளம் ஆவதையும், அதன்மேல் டீசல் எஞ்சின் அமர்வதையும், வில்தகடுகள் பாரம் தாங்குவதையும், பின்னால் இழுவண்டி கோக்கப்படுவதையும் நம் விரல்களே அறிந்துகொள்கின்றன. சாலையில் நம்மைக் கடந்து செல்லும் லாரியின் அடிப்பாகம் பிறகு நமக்குப் புதிராக இராது.

பழையவை ஏன் அரியவை ஆயின?

பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கை உருக்கி, மிகுந்த அழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் செலுத்தி, ஆறியபின் எடுப்பார்கள். உறுப்புகள் கிளையில் காய்த்த காய்களைப்போல ஒரு சட்டத்தில் தொங்கிக்கொண்டு வெளிவரும். பிளாஸ்டிக் மலிவு, எஃகு அச்சோ விலை மிக்கது. கார் நிறுவனங்கள் ஆண்டுதோறும் விளக்கையும் முகப்பையும் மாற்றியபோது, மாதிரி செய்வோர் புதிய அச்சு வெட்டாமல் பழைய அச்சையே திருத்தினார்கள். ஆகவே 1962-ஆம் ஆண்டு வண்டியின் அச்சு 1963-ஆம் ஆண்டு வண்டியின் அச்சாக மாறிவிடும். முந்தைய வண்டியை மீண்டும் வார்க்க வழியில்லை. எந்த வண்டிகளின் அச்சு இவ்வாறு மறைந்ததோ, அவற்றிற்கு எஞ்சியிருக்கும் பெட்டிகளே சான்று.

அச்சு தப்பிப் பிழைத்த வண்டிகளை இன்றும் மறுபதிப்பாக வெளியிடுகிறார்கள். அச்சு அழிந்தவற்றுள் சிலவற்றிற்குப் பழைய பெட்டியின் உறுப்புகளை அளந்து புதிய அச்சு வெட்டுவதும் உண்டு. எங்கோ ஒரு வீட்டுப் பரணில் யாரோ பத்திரமாக வைத்திருந்த ஒரு பெட்டி, மறைந்த வண்டிக்கு மறுவாழ்வு தருகிறது.

செய்யும் முறை

முதலில் குறிப்புத் தாளை இறுதிவரை படிக்க வேண்டும். அச்சிலிருந்து எளிதில் கழல்வதற்காகப் பூசிய எண்ணெய்ப் பசை உறுப்புகளில் இருக்கலாம். இளஞ்சூட்டுச் சோப்பு நீரில் கழுவி உலர்த்தாவிடில் வண்ணம் பிடிக்காது. உறுப்பைச் சட்டத்திலிருந்து முறுக்கிப் பிடுங்கலாகாது. சிறிய வெட்டுக்குறட்டால் வெட்டி, எஞ்சிய முனையை அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்க்க வேண்டும். பசையிடுவதற்கு முன் ஒருமுறை பொருத்திப் பார்ப்பது நன்று.

இங்கே வேதியியல் வருகிறது. இதற்குரிய பசை காகிதத்தை ஒட்டும் கோந்து போன்றதன்று. பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே கரைத்து, இரு உறுப்புகளையும் ஒன்றாக உருக்கிச் சேர்ப்பது அது. எனவே ஒரு துளி வேண்டிய இடத்தில் மூன்று துளி இட்டால் உறுப்பே உருகிச் சிதையும். பல்குச்சியின் நுனியால் இட்டு, துணிக் கிளிப் அல்லது ரப்பர் வளையத்தால் பிடித்துவைக்கலாம். வெள்ளிபோல் மின்னும் உறுப்புகளில், ஒட்டும் இடத்தில் மட்டும் அந்த மினுக்குப் பூச்சைச் சுரண்டிவிட வேண்டும். இல்லையேல் பசை பூச்சைத்தான் பற்றும், பிளாஸ்டிக்கைப் பற்றாது. பசையின் ஆவி உடலுக்குத் தீங்கானது. சன்னல்களைத் திறந்து வைத்து, பெரியவர் ஒருவரின் பார்வையில் செய்வதே முறை.

பழைய பெட்டிகளுக்குத் தனிக் கவனம் தேவை. மென்மையான வினைல் டயர்களிலிருந்து கசியும் ஒருவகை எண்ணெய், தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் உறுப்புகளை நாளடைவில் அரித்துவிடும். ஆகவே டயர்களைத் தனியே சுற்றி வைக்க வேண்டும். அசிட்டேட் பிளாஸ்டிக்கால் ஆன தொடக்ககால மாதிரிகள் ஆண்டுகள் செல்லச் செல்லச் சுருங்கி வளைந்துவிடுகின்றன; வெப்பமான பரண் அவற்றிற்குப் பகை. மஞ்சளித்த ஒட்டுப்படத் தாளைச் சன்னல் கண்ணாடியில் சில நாள் வெயில்பட வைத்தால் வெளுக்கும்.

கட்டுவதா, காப்பதா?

சேகரிப்போரிடையே நெடுநாளாக உள்ள வழக்கு இது. பிரிக்காத பெட்டிக்கே விலை அதிகம். உறுப்பொன்றைச் சட்டத்திலிருந்து வெட்டிய கணமே அது குறைகிறது. ஆனால் பெட்டியைச் செய்தவர்கள் அதைப் பூட்டி வைப்பதற்காகச் செய்யவில்லை. மறுபதிப்பாகக் கிடைக்கும் வண்டியைத் தயங்காமல் கட்டலாம் என்பது நம் கருத்து. அச்சு அழிந்துபோன வண்டியின் பிரிக்காத பெட்டி கிடைத்தால், அதை ஓர் ஓலைச்சுவடியைப்போல் காப்பதே தகும். பிறர் அளந்து படி எடுக்க அது உதவும். பசைக் கறையும் கோணல் சக்கரமுமாகக் கிடைக்கும் பழைய வண்டியை இகழ வேண்டா. ஏதோ ஒரு பிள்ளைக்கு அது ஒரு மாலைப் பொழுதின் மகிழ்ச்சியைத் தந்துவிட்டது. பொறுமையுடன் பிரித்துச் சீர்செய்தால் மீண்டும் எழுந்து நிற்கும்.

யார் கையில் சிறுதேர்?

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை ஒரு மாதிரி வண்டிப் போட்டியை நடத்தியது. தொடக்கத்தில் அரசர் காலத்துக் குதிரை வண்டியையும், பின்னர் தாமே கற்பனை செய்த காரையும் போட்டியாளர்கள் செய்தனுப்ப வேண்டும். வென்றோர்க்குக் கல்லூரி உதவித்தொகை கிடைத்தது. வென்றவர்களில் சிலர் பிற்காலத்தில் கார் வடிவமைப்பாளர்கள் ஆயினர். ஆனால் போட்டி சிறுவர்களுக்கு மட்டுமே; சிறுமியர் சேர இயலாது. பிள்ளைத்தமிழில் நாம் கண்ட பிரிவினை அங்கும் இருந்தது.

போட்டி நின்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழிந்தபின், 2014-இல் அதே ஜெனரல் மோட்டார்ஸின் தலைமைச் செயல் அதிகாரியாக மேரி பாரா என்னும் பெண்மணி பொறுப்பேற்றார். அவர் மின்பொறியியல் கற்றவர். பதினெட்டு வயதிலேயே அந்நிறுவனத்தில் பயிற்சி பெறத் தொடங்கியவர். அவருடைய தந்தை அதே நிறுவனத்தின் பான்டியாக் தொழிற்சாலையில் அச்சு வெட்டும் தொழிலாளியாகப் பல்லாண்டு உழைத்தவர். திறமைக்கு ஆண் பெண் என்னும் அச்சு கிடையாது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

தோழியரே! பூத்தையலில் நூலிழையை எண்ணித் தைக்கும் விரல்களுக்கு எஞ்சினின் சிறு குழாயைப் பொருத்துவது அரிதன்று. கோலத்தில் புள்ளி தவறாத கண்ணுக்கு அளவும் நேரும் புதியனவல்ல. பெற்றோரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். மகள் ஒரு பெட்டியைக் காட்டி, "எனக்கு இது வேண்டும்" என்று கேட்டால், "இது தம்பிக்கு" என்று சொல்லிவிட வேண்டா. மேசையில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, விளக்கை ஏற்றி, அருகில் அமருங்கள். எஞ்சின் எங்கே, அச்சாணி எங்கே என்று அவளே உங்களுக்குச் சொல்லித்தருவாள்.