யானையும் ஏற்றலாம், கணக்குத் தெரிந்தால்

2023 ஜூலை 2ஆம் திகதி, முத்துராஜா என்ற தாய்லாந்து யானை கட்டுநாயக்கவிலிருந்து ஐ.எல்-76 சரக்கு விமானத்தில் சியாங்மாய்க்குப் பறந்தது. எடை ஏறத்தாழ 4,000 கிலோ. பெரஹெரா யானைகளைப் பார்த்து வளர்ந்த கண்டிக்காரர்கள் அந்தச் செய்தியை விடாமல் படித்திருப்பீர்கள். இப்படிப்பட்ட பாரத்தை ஆகாயத்தில் அசையாமல் வைத்திருப்பது ஒருவருடைய உத்தியோகம். லோட்மாஸ்டர் என்பார்கள். உயர்தரம் முடித்துவிட்டு என்ன செய்வதென்று யோசிக்கும் பிள்ளைகள் இதையும் யோசிக்க வேண்டும்.

தேயிலை லொறியில் கயிறு தளர்ந்தால் கடுகண்ணாவ வளைவில் ஓரம்கட்டி இறுக்கிக்கொள்ளலாம். விமானத்தில் அதற்கு வழியில்லை. 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராமில் நடந்ததை இந்தத் தொழிலுக்கு வரும் எவரும் படிக்காமல் விடக்கூடாது. நேஷனல் ஏர்லைன்ஸின் போயிங் 747 சரக்கு விமானத்தில் ஐந்து இராணுவக் கவச வண்டிகள் இருந்தன. இரண்டு 12 தொன், மூன்று 18 தொன். முந்தைய பயணத்திலேயே ஒரு ஸ்ட்ராப் அறுந்திருந்ததை விமானக் குழுவினர் பேசிக்கொண்டது குரல் பதிவில் இருக்கிறது. மீண்டும் இறுக்கிவிட்டுப் புறப்பட்டார்கள். மேலேறும்போது குறைந்தது ஒரு வண்டி பின்னால் நகர்ந்து, ஹைட்ராலிக் அமைப்பையும் வாலின் கிடைச்சிறகை இயக்கும் பொறியையும் உடைத்தது. அதன்பின் விமானத்தைக் கட்டுப்படுத்த வழியே இல்லை. ஏழு பேரும் இறந்தார்கள். நிறுவனத்தின் சரக்குக் கையேட்டில் பாரத்தைக் கட்டுவது பற்றிய முக்கியமான தகவல்கள் விடுபட்டிருந்ததாக அமெரிக்க விசாரணை கண்டறிந்தது.

அறுந்த ஸ்ட்ராப்பைக் கண்டால் புதிதாக ஒன்றைப் போட்டுவிட்டுப் போவது வேலையல்ல. ஏன் அறுந்தது என்று கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். அந்தக் கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. 4,000 கிலோ இயந்திரம் ஒன்று. கையேடு அதன் எடையைப் போல் ஒன்றரை மடங்கு விசையைத் தாங்கும்படி பின்பக்கம் கட்டச் சொல்கிறது என்று வையுங்கள். 6,000 கிலோவைப் பிடிக்க வேண்டும். ஸ்ட்ராப்பின் வலு 2,268 கிலோ. மூன்று போதுமென்று தோன்றும். ஆனால் தரையிலிருந்து 45 பாகையில் சாய்த்துக் கட்டினால் பின்னோக்கிய இழுப்புக்குக் கிடைப்பது 1,600 கிலோ அளவுதான். ஆகவே நான்கு வேண்டும். சரிவு கூடக் கூட இன்னும் அதிகம். முன்பக்கம், பக்கவாட்டு, மேல்நோக்கு என்று ஒவ்வொரு திசைக்கும் இப்படித் தனித்தனியே பார்க்க வேண்டும். சைன், கொசைன் படித்த பிள்ளைக்கு இது பத்து நிமிட வேலை.

தளத்தையும் மறக்கக் கூடாது. நாலு சிறு கால்களில் நிற்கும் கனமான பொருள் தளத்தைக் குத்திவிடும். அடியில் பலகை பரப்பிப் பாரத்தைப் பிரித்துவிட வேண்டும். எடை சீட்டில் உள்ளதை நம்பாமல் தராசில் ஏற்றிப் பாருங்கள்.

எங்கே தொடங்குவது? கட்டுநாயக்க சரக்குக் களஞ்சியத்தில், பலட்டில் சாமான் அடுக்கி வலை போடும் இடத்தில். அங்கே நாட்டாமிமாரிடம் கற்பது எந்த வகுப்பிலும் கிடைக்காது. பிறகு அபாயகரப் பொருட்கள் பயிற்சி. அதை 24 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதன்பின் எடை, சமநிலைக் கணக்கு. கையேடுகள் ஆங்கிலத்தில் இருக்கும், வேலைத்தளத்தில் சிங்களம் பேச வேண்டிவரும். இரண்டையும் இப்போதே பழகுங்கள். கண்டியிலிருந்து தினமும் போய்வர முடியாது. நீர்கொழும்பு, சீதுவைப் பக்கம் அறை பார்க்க வேண்டும்; இரவு முறையும் உண்டு.

நேர்முகத் தேர்வில் நீங்களும் ஒன்று கேளுங்கள்: பாரம் சரியில்லை என்று நான் கையெழுத்திட மறுத்தால், விமானத்தை யார் நிறுத்துவார்கள்? பதிலில் ஒரு பதவியின் பெயர் வர வேண்டும். வராவிட்டால் வேறு நிறுவனம் பாருங்கள்.