கோளாறு எந்தப் பாதியில்? காரின் பிரேக் கற்றுத் தந்த பாடம்

கம்ப்யூட்டர் இதழில் கார் பிரேக்கா என்று வியக்க வேண்டாம். கோளாறைக் கண்டுபிடிக்கும் முறை இரண்டிற்கும் ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் இருப்பது பழைய கார். அம்மாவை டயாலிசிஸுக்கு அப்பா அதில்தான் அழைத்துச் செல்கிறார். ஒரு நாள் பாதி வழியில் கார் இடது பக்கம் இழுத்தது. கருகிய வாசனை வேறு. பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரேக் விடவில்லை. "மாஸ்டர் சிலிண்டர் போயிடுச்சு தம்பி, மாத்திடலாம்" என்றார் மெக்கானிக். மாற்றினோம். நான்காம் நாள் அதே கோளாறு!

அதன் பிறகுதான் புரோகிராமில் பிழை தேடுவது போலத் தேட முடிவு செய்தேன். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. இரும்புக் குழாய், ரப்பர் ஹோஸ் வழியாக அந்த அழுத்தம் சக்கரத்தை அடைகிறது. காலை எடுத்ததும் அழுத்தம் அதே வழியில் குறைய வேண்டும். எங்கே தடைபடுகிறது என்பதே கேள்வி. மெக்கானிக்கை உடன் வைத்துக்கொண்டு கீழ்க்கண்டவாறு சோதித்தோம்.

1. சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, எந்தச் சக்கரம் அதிகம் சூடாகிறது என்று பார்த்தோம். தொடக் கூடாது, அருகில் கை வைத்தாலே தெரியும். முன் இடது சக்கரம் மட்டும் சூடாக இருந்தது. எங்கள் காரில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டுமே என்பதால் அதன் கேபிள் காரணமல்ல.

2. மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, காரைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினோம். பெடலை மிதித்து விட்டதும் அந்தச் சக்கரம் இறுகியது. காற்று எடுக்கும் நிப்பிளைத் திறந்ததும் ஆயில் பீறிட்டது, சக்கரம் சுழன்றது. அப்படியானால் அழுத்தம்தான் சிக்கியிருக்கிறது. சுழலாமல் இருந்திருந்தால் காலிபர் பிஸ்டனோ பின்னோ துருப்பிடித்து இறுகியிருக்கும்.

3. நிப்பிளை மூடி, மீண்டும் மிதித்து விட்டோம். இம்முறை மாஸ்டர் சிலிண்டரில் குழாய் சேரும் நட்டைத் தளர்த்தினோம். சக்கரம் விடவில்லை! எனவே தடை அதற்குப் பிறகுதான்.

மீதி இருந்தது ஹோஸ். வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே ரப்பர் ஊதி வழியை அடைத்திருந்தது. மிதிக்கும் வேகத்தில் ஆயில் உள்ளே போகும்; திரும்பி வராது. இரு பக்க ஹோஸையும் மாற்றி, ஆயில் ஊற்றி, காற்று எடுத்ததும் சரியாகிவிட்டது.

உங்கள் பிரிண்டர் அச்சிடவில்லையா? உடனே புதியது வாங்காதீர்கள். நண்பரின் கம்ப்யூட்டரில் அதே கேபிளுடன் இணைத்துப் பாருங்கள். அங்கே அச்சிட்டால் கோளாறு உங்கள் கம்ப்யூட்டரிலோ டிரைவரிலோதான். ஒரு சோதனையிலேயே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: கம்ப்யூட்டரில் தவறினால் மீண்டும் முயற்சிக்கலாம், பிரேக்கில் அப்படியல்ல. பிரேக் பிடித்துக்கொண்டால் வண்டியை ஓட்டாதீர்கள். அனுபவமுள்ளவர் இல்லாமல் நட்டைத் தொடாதீர்கள்.