22/7 எங்கிருந்து வந்தது?

வட்டத்தின் பரிதியை அதன் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே ‘பை’. இதன் மதிப்பாக 22/7 என்பதை நீங்கள் வகுப்பில் பயன்படுத்துகிறீர்கள் அல்லவா? ஆனால் 22/7 என்பது ‘பை’யின் சரியான மதிப்பு அன்று, அதைவிடச் சற்றுப் பெரியது. இதை ஐயமின்றி மெய்ப்பித்தவர் கிரேக்கக் கணித மேதை ஆர்க்கிமிடீஸ்.

சிசிலித் தீவிலுள்ள சிராக்யூஸ் நகரில் இவர் ஏறத்தாழ கி.மு. 287-இல் பிறந்தார். குளியல் தொட்டியிலிருந்து ‘யுரேகா’ என்று கூவிக்கொண்டு ஓடிய கதையை எல்லாரும் அறிவோம். அக்கதையைவிடச் சுவையானது அவர் வட்டத்தை அளந்த விதம்.

ஒரு குடத்தின் வாயைச் சுற்றி நூலைப் பிடித்து அளந்தால் ‘பை’ ஏறத்தாழக் கிடைக்கும். ஆனால் அந்த விடை கூடுதலா, குறைவா, பிழை எவ்வளவு என்பதை நூல் சொல்லாது. ஆர்க்கிமிடீஸ் வேறு வழியில் சென்றார்.

வட்டத்தினுள் ஓர் ஒழுங்கு அறுகோணம் வரையுங்கள். அதன் ஒவ்வொரு பக்கமும் ஆரத்திற்குச் சமம். எனவே அதன் சுற்றளவு ஆறு ஆரம், அதாவது விட்டத்தைப் போல் 3 மடங்கு. இரு புள்ளிகளுக்கிடையே நேர்கோடே குறுகிய வழி என்பதால், பரிதி இதைவிடப் பெரியது. இனி வட்டத்தைத் தொட்டுக்கொண்டு வெளியே ஓர் அறுகோணம் வரைந்தால், அதன் சுற்றளவு விட்டத்தைப் போல் ஏறத்தாழ 3.46 மடங்கு, இது பரிதியைவிடப் பெரியது. ஆக, ‘பை’ இவ்விரண்டுக்கும் நடுவே சிக்கிக்கொண்டது!

பிறகு அவர் பக்கங்களை 12, 24, 48, 96 என இரட்டித்துக்கொண்டே போனார். பிடி இறுகியது. முடிவில், ‘பை’ 3 10/71-ஐ விடப் பெரியது, 3 1/7-ஐ விடச் சிறியது என்று நிறுவினார். இரண்டுக்கும் இடைவெளி 1/497 மட்டுமே! அந்த 3 1/7 தான் நம் 22/7.

அன்று தசம எண்முறை கிடையாது. 3-இன் வர்க்கமூலம் 265/153-ஐ விடப் பெரியது, 1351/780-ஐ விடச் சிறியது என்று பின்னங்களைக் கொண்டே கணக்கிட்டார். உள் உருவத்திற்குக் குறைவான பக்கமாகவும், வெளி உருவத்திற்குக் கூடுதலான பக்கமாகவும் மட்டுமே எண்களைத் திருத்தினார். ஆகவே, முடிவு எங்கும் வழுவவில்லை. ‘பை’யை எந்தப் பின்னத்தாலும் சரியாக எழுத முடியாது என்பதை 18-ஆம் நூற்றாண்டில் லாம்பர்ட் மெய்ப்பித்தார்.

கி.மு. 212-இல் உரோமானியர் நகரைக் கைப்பற்றியபோது, ஆர்க்கிமிடீஸ் போர்வீரன் ஒருவனால் கொல்லப்பட்டார். அவருடைய ‘முறை’ என்னும் நூலும் அழிந்ததாகவே கருதப்பட்டது. 13-ஆம் நூற்றாண்டில் அதன் தோலேடுகளைச் சுரண்டி, மேலே வழிபாட்டு வாசகங்களை எழுதியிருந்தார்கள். 1906-இல் டென்மார்க் அறிஞர் ஹைபர்க், அவற்றின் அடியில் மங்கித் தெரிந்த கணிதத்தைப் படித்தார். அவருக்கும் தெரியாத வரிகளை, 1998-க்குப் பின் நடந்த ஆய்வில் எக்ஸ் கதிர்கள் காட்டித் தந்தன.

நீங்களும் செய்து பாருங்கள்: 10 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில் அறுகோணம் வரைந்து, ஒவ்வொரு வில்லையும் கவராயத்தால் இரு சமக் கூறாக்கி, 12 பக்க உருவம் அமையுங்கள். பக்கம் ஏறத்தாழ 5.18 செ.மீ. வரும். 12-ஆல் பெருக்கி, விட்டமான 20-ஆல் வகுங்கள். விடை 3-ஐத் தாண்டுகிறதா? அப்படியானால், ஆர்க்கிமிடீஸ் ஏறிய ஏணியில் முதற்படி ஏறிவிட்டீர்கள்!