சேர்ந்து படி

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. கணக்கில் அரியர் விழுந்ததும், "எனக்குப் படிப்பில் ஆர்வமே போய்விட்டது" என்று அம்மாவிடம் சொன்னாயாம். ஆர்வம் உன் ஒருத்தியின் மனதைப் பொறுத்தது மட்டுமல்ல கண்ணு. கூட இருப்பவர்களாலும் வளர்ந்த பழக்கத்தாலும் அது கூடும், குறையும்.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் நுண்கணிதத்தில் தோற்றார்கள். ஊக்கமில்லை, வீட்டில் ஆதரவில்லை என்றார்கள் ஆசிரியர்கள். யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆசிரியர் 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன வம்சாவளி மாணவர்களையும் அவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்க் கவனித்தார். அந்தக் காரணங்கள் நிற்கவில்லை. கறுப்பினப் பெற்றோர் பிள்ளைகளின் படிப்பில் மிகுந்த அக்கறை காட்டியிருந்தார்கள். பிள்ளைகளும் கடுமையாக உழைத்தார்கள். ஆனால் தனியாக. அவர்களுக்குப் படிப்பு வேறு, நட்பு வேறு. சீன வம்சாவளி மாணவர்களோ, தனியே போட்ட கணக்கைக் கூடி உட்கார்ந்து ஒப்பிட்டார்கள். ஒருவருக்கும் விடை வராவிட்டால், கணக்குதான் கடினம் என்று புரிந்துவிடும். 'நான்தான் மக்கு' என்று யாரும் சோரவில்லை. பிறகு ட்ரைஸ்மன் மாணவர்களைக் குழுவாக உட்காரவைத்துக் கடினமான கணக்குகளையே கொடுத்தார். அவர்களின் மதிப்பெண் நன்றாக உயர்ந்தது.

நம் வீடுகளில் பிளஸ் டூ வரை, "யாரோடும் பேசாமல் படி" என்றே சொல்லி வளர்க்கிறோம். பக்கத்து பெஞ்சுக்காரி போட்டியாளராகிவிடுகிறாள். அந்தப் பழக்கத்தோடுதான் விடுதிக்குப் போயிருக்கிறாய். தமிழ்வழியில் படித்ததால் வகுப்பில் சந்தேகம் கேட்கவும் கூச்சம். பணத்துக்கு அரசு கைகொடுக்கிறது: முதல் பட்டதாரிச் சலுகை கட்டணத்தைக் குறைக்கிறது. புதுமைப் பெண் திட்டம் மாதம் 1000 ரூபாய் தருகிறது. "எனக்கும் வரலைடி, வா போட்டுப் பார்ப்போம்" என்று சொல்லும் தோழியை மட்டும் நீதான் தேடிக்கொள்ள வேண்டும்.

மூன்று நான்கு பேராகச் சேருங்கள். முதலில் அவரவர் தனியே முயலுங்கள்; இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒப்பிடுங்கள். தமிழிலேயே பேசிப் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். யாருக்கும் பிடிபடாததை எல்லோருமாகப் போய் மேடத்திடம் கேளுங்கள். நாலு பேர் போனால் கூச்சம் இருக்காது. உனக்குப் புரிந்ததை இன்னொருத்திக்குச் சொல்லிக்கொடு. அப்போதுதான் அது உன்னிடம் நிலைக்கும்.

அம்மாவிடம் எதையும் மறைக்காதே. அவளுக்கு இன்டெக்ரேஷன் தெரியாது. உன் குரலில் இருக்கும் பயம் தெரியும். உனக்காக அவள் படும் பாட்டை முதுகுச் சுமையாக நினைக்காதே, அது உனக்குத் துணை.

படிப்பை விடுவதைப் பற்றி இப்போது யோசிக்காதே. அரியர் எழுதும்வரை கூடிப் படித்துப் பார். இன்றைக்கே பக்கத்து அறைக் கதவைத் தட்டு.

அன்புடன்,
அத்தை