எம்.பி.ஹெச். போறீங்களா? முதல்ல நாலு பேரைச் சேருங்க

ஃபைனல் இயரில் "அடுத்து என்ன?" என்று முழித்துக்கொண்டிருக்கும் நம்ம ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். ஐடி, கேட், எம்.பி.ஏ. இந்த மூன்றைத் தாண்டி நம் பேச்சு போவதே இல்லை. பொது சுகாதார முதுகலை, அதாவது எம்.பி.ஹெச்., பல இடங்களில் டாக்டர் அல்லாதவர்களும் சேரக்கூடிய படிப்பு. எனக்கே இது தெரியாது, நம்ம காலேஜில் பயோடெக் முடித்த ஒரு அக்கா அதில் சேரும் வரை.

அக்காவுக்குக் கூடலூர் பக்கம். அவங்க அம்மா ஏலத்தோட்ட வேலைக்குப் போறவங்க. விடியறதுக்கு முன்னாடி தூக்குவாளியோட ஜீப் ஏறி, குமுளி வழியா இடுக்கி மலைக்குப் போய், பொழுது சாயும்போது இறங்கி வருவாங்க. கம்பம், போடிப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அக்காதான் வீட்டில் முதல் பட்டதாரி. வெளி மாநிலத்தில் சீட் கிடைத்தது. வகுப்பில் பாதிக்கு மேல் டாக்டர்கள், பல் டாக்டர்கள். முதல் செமஸ்டர் புள்ளியியல் டெஸ்டில் ஃபெயில். ஒரு நாள் சந்தேகம் கேட்டதற்கு, "இதெல்லாம் டிகிரியிலேயே படிச்சிருக்கணுமே" என்று பதில் வந்ததாம். அதோடு கேட்பதையே விட்டுட்டாங்க. "ஊருக்கு வந்துடலாம்னு இருக்கேன்டா" என்று எனக்கு மெசேஜ் வந்தது.

நான் போட்ட பதிலை நினைச்சா இப்பவும் வெட்கமா இருக்கு. "இன்னும் கொஞ்சம் உட்கார்ந்து படிங்கக்கா, யூடியூப்ல எல்லாம் இருக்கு." நான் இங்கிலீஷ் மீடியம். புரியலைன்னா கையைத் தூக்கிக் கேட்டே பழகினவன். யாரா இருந்தாலும் தனியா உட்கார்ந்தா வந்துடும்னு நினைச்சேன்.

அப்படி இல்லை என்று 1970களிலேயே ஒருவர் பார்த்துச் சொல்லியிருக்கிறார். யூரி ட்ரைஸ்மன், பெர்க்லியில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். அங்கே முதல் வருட கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் நிறையப் பேர் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று ஆசிரியர்களைக் கேட்டால் ஆர்வம் இல்லை, அடிப்படை பத்தாது, வீட்டில் படிக்கிற சூழல் இல்லை, வசதி இல்லை. நம்ம ஊரில் கேட்டாலும் இதேதான் வரும். அவர் 20 கறுப்பின மாணவர்களும் 20 சீன வம்சாவளி மாணவர்களும் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து கவனித்தார். ஆசிரியர்கள் சொன்ன காரணம் ஒன்றுகூட நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் உழைக்காமல் இல்லை, தனியாக உழைத்தார்கள். சீன மாணவர்கள் தனியாகப் படித்துவிட்டு, பிறகு ஒன்றாக உட்கார்ந்து விடைகளை ஒப்பிட்டு, பழைய வினாத்தாளை வைத்து ஒருவரை ஒருவர் சோதித்துக்கொண்டார்கள். ஒரு கணக்கு நாலு பேருக்கும் வரலைன்னா, கணக்கு கஷ்டம்னு தெரிஞ்சுடும். தனியா இருக்கிறவனுக்கு "நான்தான் மக்கு"ன்னு தோணும்.

அதன் பிறகு அவர் ஆரம்பித்தது டியூஷன் இல்லை என்பதைக் கவனிக்கணும். பாடப் புத்தகத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, கூட்டாக முட்டி மோத விட்டார். அதில் இருந்தவர்களின் மதிப்பெண் நன்றாகவே ஏறியது. 1988ல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் தொடங்கிய மேயர்ஹாஃப் திட்டத்திலும் கூட்டுப் படிப்புதான் முக்கியமான அங்கம். அதில் படித்து வந்தவர் கிஸ்மேகியா கார்பெட். மாடர்னா கொரோனா தடுப்பூசிக்கான ஆராய்ச்சியில் முன்னால் நின்றவர். 2021ல் ஹார்வர்டின் பொது சுகாதாரக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது. ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பழங்குடிப் பெண், நர்ஸிங் முடித்தவர், "நானும் ஃபெயில்தான்" என்று சொன்னதில் ஆரம்பித்தது. இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஞாயிறு ராத்திரி ஒன்பது மணி, ஒரு மணி நேரம். அவங்க போட்ட ஒரு கணக்கை இங்கே தருகிறேன். எண்கள் பயிற்சிக்காக அவங்களே வைத்துக்கொண்டவை, எந்த ஆய்விலிருந்தும் எடுத்தவை இல்லை.

கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறவங்க 40 பேர். அதில் 12 பேருக்குத் தீராத தலைவலி. மருந்தடிக்காதவங்க 60 பேர், அதில் 9 பேருக்குத் தலைவலி. முதல் கூட்டத்தில் வலி இருக்கிறவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள விகிதம் 12க்கு 28. இரண்டாவதில் 9க்கு 51. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 2.4. இதுதான் ஆட்ஸ் ரேஷியோ. பதில் 1 வந்தால் மருந்துக்கும் வலிக்கும் தொடர்பு தெரியவில்லை என்று அர்த்தம், 1க்கு மேலே போகப் போகத் தொடர்பு பலமாகிறது. நமக்கு இந்த வகுத்தல் இரண்டு நிமிஷ வேலை. இன்ஜினியரிங் படிச்சதால அக்காதான் இதை மத்தவங்களுக்குப் போட்டுக் காட்டியிருக்காங்க.

போட்டு முடிச்சதும் அக்காவுக்கு ஒண்ணு உறுத்தியது. "எங்க தெருவுல மருந்தடிச்சு முடியாமப் போனவங்க யாரும் இப்ப மருந்தடிக்கப் போறதில்லையே. அவங்க இந்தக் கணக்குல எங்க இருக்காங்க?" எங்கே இருப்பாங்க, "மருந்தடிக்காதவங்க" கூட்டத்தில்தான். அந்த 9 பேரில் 3 பேர் அப்படி உடம்பு முடியாமல் நின்றவர்கள் என்று வையுங்கள். அவர்களை இந்தப் பக்கம் மாற்றினால் 15க்கு 28, 6க்கு 51. வகுத்தால் 4.6. அதாவது, "இப்ப மருந்தடிக்கிறீங்களா?" என்று கேட்பதற்கும் "எப்பவாவது மருந்தடிச்சிருக்கீங்களா?" என்று கேட்பதற்கும் இடையே ஆபத்து கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மாறித் தெரிகிறது. கூட இருந்த நர்ஸிங் பெண்தான், "இதுக்குப் பேரே இருக்கு, ஹெல்தி வொர்க்கர் எஃபெக்ட்" என்று புத்தகத்தைப் புரட்டிக் காட்டினாராம். உடம்பு நல்லா இருக்கிறவங்க மட்டுமே வேலையில் மிஞ்சுவதால், வேலை ஆபத்தில்லாதது போலத் தெரிவது.

பேர் புத்தகத்தில் இருந்தது, ஆள் அக்கா தெருவில் இருந்தாங்க. வகுப்பில் அந்தக் கேள்வியை அவங்க கேட்டிருக்கவே மாட்டாங்க. நாலு பேர் நடுவில் கேட்டாங்க.

குழு அமைக்கிறதுன்னா, நாலைந்து பேருக்கு மேல் வேண்டாம், ஒருத்தர் லெக்சர் எடுக்க ஆரம்பிச்சுடுவார். எல்லாரும் இன்ஜினியரா இருந்தாலும் பிரயோஜனமில்லை. நமக்குக் கணக்கு வரும், நோய் தெரியாது. வாரம் ஒரு நாள், அதே நேரம். தமிழோ உடைந்த இங்கிலீஷோ, வாய்க்கு வந்ததில் பேசலாம்.

பணம் பற்றியும் சொல்லணும். முதல் பட்டதாரி சலுகை, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் எல்லாம் முதல் டிகிரியோடு சரி. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை முதுகலைக்கும் உண்டு, ஆனால் அது வருவதற்குள் ஹாஸ்டல் பில் வந்துவிடும். 2018 பிப்ரவரியில் டாடா சமூக அறிவியல் நிறுவன மாணவர்கள், அந்த உதவித்தொகை வாங்குகிறவர்களிடம் ஹாஸ்டல், மெஸ் கட்டணத்தை முன்கூட்டியே கேட்கக் கூடாது என்று சொல்லி வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். எம்.பி.ஹெச். நடக்கும் நிறுவனம் அது. சேரும் முன்பே இந்த விஷயத்தை அங்கே படிக்கும் சீனியரிடம் கேட்டு வையுங்கள். வெப்சைட்டில் இருக்காது.

குழுவால் முடியாத காரியமும் உண்டு. எய்ம்ஸில் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்று சுக்தேவ் தோரட் குழு 2007ல் அறிக்கை கொடுத்தது. விடுதியில் குறிப்பிட்ட மாடிகளில் அவர்கள் ஒதுங்க நேர்ந்ததும் அதில் இருக்கிறது. 2019ல் ரோஹித் வெமுலாவின் அம்மாவும் பாயல் தட்வியின் அம்மாவும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த மாதிரி நடந்தால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கக் கூடாது. சம வாய்ப்பு மையம் அமைக்கணும் என்று 2012ன் யு.ஜி.சி. விதிகளே சொல்கின்றன. எழுத்தில் புகார் கொடுக்கணும், தேதியோடு நகல் வைத்துக்கொள்ளணும். நண்பர்கள் செய்யக்கூடியது, கூடப் போய் நிற்பது.

அக்கா ஊருக்குத் திரும்பவில்லை. இப்போ மூன்றாவது செமஸ்டர், ஏலத்தோட்டப் பெண்களைப் பற்றியே ப்ராஜெக்ட். போன வார ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குக் கிடைத்த கணக்கை உங்களுக்கும் தருகிறேன். கூடலூரில் வார நாட்களில் காலை 11 மணிக்கு வீடு வீடாகப் போய், "இந்த வீட்டுப் பெண்களுக்கு மூட்டுவலி இருக்கிறதா?" என்று சர்வே எடுக்கிறார்கள். வீட்டில் இருப்பவரிடம் மட்டும் கேட்கிறார்கள். ஜீப் ஏறிப் போனவர்கள் விடுபடுவார்கள், வேலைக்குப் போக முடியாமல் நின்றவர்கள் வீட்டில் இருப்பார்கள். பதில் எந்தப் பக்கம் சாயும்? நான் முதலில் தப்பாகச் சொன்னேன்.